மதினி தொலைக்கும் போன்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மறதிக்குப் பேர்போனவர் மதினிதான். பொழுது சாய்வதற்குள் ஒரு தடவையாவது "ஐயோ, என் போன காணோமே!" என்ற குரல் கேட்காவிட்டால் மதினி ஊரில் இல்லை என்று அர்த்தம். குரல் கேட்டதும் லயத்துச் சனம் சிரிக்கும். "வாட்ச அமுக்கிப் பாருங்க மதினி, போனு கத்தும்" என்று யாராவது சொல்வார்கள். அந்த யோசனை இப்போதுதான் வந்த மாதிரி "ஆமால்ல!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டு, இடது மணிக்கட்டைப் பார்த்தபடியே ரப்பர் மலைப் பக்கம் நடக்கத் தொடங்குவார்.

போன் எங்கே இருக்கிறது என்று மதினிக்கு நன்றாகத் தெரியும். அது என் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்பதுதான் தெரியாது.

மதினியின் பேரைச் சொல்லாமலே எழுதுகிறேன். தன்னை நாலு பேர் நல்லவிதமாகப் பேசினால் அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போய்விடுகிற ஆள் அவர். எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா, ஒரே கூரைக்குக் கீழ் அடுத்த வீடு. நடுச்சுவர் கூரைவரை போகாததால் அவர் வீட்டுக் கருவாட்டு வாசம் எங்களுக்கும், எங்கள் வீட்டுச் சண்டை அவருக்கும் பங்கு. அவருடைய புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் இவர் மதினி. மற்றபடி இரத்தச் சொந்தம் எதுவும் கிடையாது. அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். மற்ற நாளெல்லாம் அவர் மதினியின் போனுக்குள்தான் குடியிருந்தார்.

மதினி பால் வெட்டுகிறவர். விடியும்போதே ரப்பர் மரங்களில் கத்தி போட்டு, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, மத்தியானத்துக்கு முன் ஸ்டோரில் கொடுத்துவிட்டு வருவார். ஆள் நல்ல உயரம். சிரித்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன ஒரு நீளச் சட்டையை வேலைக்குப் போடுவார். அதைத் துவைக்கச் சொல்லி நான் ஏசியிருக்கிறேன். "தொவச்சா கிழிஞ்சிரும் புள்ள, பாலுதான் அத புடிச்சு வச்சிருக்கு" என்பார்.

அவருடைய மறதி எப்படிப்பட்டது என்று எனக்கு முதலில் விளங்கியது டவுன் ஆஸ்பத்திரியில்தான். மேல் லயத்துப் பெரியம்மா ஒருவருக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய். அவரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் போயிருந்தோம். மருந்து கொடுக்கிற மிஸ், எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று சிங்களத்தில் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மதினி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"மிஸ், மட்ட தேருனே நே. ஆயெத் கியன்னகோ."

எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டார். மதினி கேகாலைப் பக்கம் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். அவருக்குச் சிங்களம் விளங்காமல் போவதென்றால் அண்ணனுக்குச் சோறு விளங்காமல் போவதுபோல. மிஸ் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொன்னார். ஒவ்வொன்றையும் மதினி தமிழில் உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப வெள்ள மாத்திர சாப்பாட்டுக்கு முன்னுக்கு, செவப்பு படுக்கையில. என்னா பெரியம்மா, நான் சொல்றது சரிதானே? எனக்கு ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது."

பஸ்ஸில் வரும்போது பெரியம்மா என் காதில் சொன்னார்: "பாவம், இவளுக்கு ஒண்ணுமே வெளங்கல. நல்லவேள, நான் எல்லாத்தையும் கேட்டு வச்சிக்கிட்டேன்." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மதினி என் தொடையில் கிள்ளிய கிள்ளு மறுநாள்வரை சிவந்திருந்தது.

ஒரு கல்யாணப் பந்தியில் பொண்ணின் அப்பா கை தவறி சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஓடிவந்த மதினி, "ஐயையோ, நாந்தான் கைய தட்டிட்டேன், என்ன மன்னிச்சிருங்க" என்று குனிந்து துடைக்க ஆரம்பித்தார். வாளி கவிழும்போது அவர் பந்தலுக்கு வெளியே நின்றதை நான் பார்த்தேன். அவமானம் எந்தப் பக்கம் விழப்போகிறதோ அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வதுதான் அவருடைய சுபாவம். அவரைக் கவனக்குறைவான பொம்பளை என்று தோட்டமே சொன்னது. அவரும் ஆமாம் என்றார்.

அப்பாவுக்கு மறதி வந்த காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் நானும் அப்பாவும்தான். நான் யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தேன். காலை பஸ்ஸுக்குப் போனால் இருட்டுகிற நேரம்தான் வருவேன். அப்பாவும் ஆயுசெல்லாம் பால் வெட்டியவர். விடிந்தால் அவருக்குக் கால் நிற்காது. வெட்டுக் கத்தியை நான் ஒளித்து வைத்த பிறகு வெறுங்கையோடு போனார். தனக்குக் கொடுத்திருந்த பழைய மரங்களுக்குப் போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில நாள் அவராகவே திரும்பி வருவார். சில நாள் திரும்பிவரும் வழி மறந்துபோகும்.

அப்படிப்பட்ட நாட்களில் ஊர் கூடித் தேடியது. குறை சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் தேடினார்கள். ஆனால் மலை முழுக்க அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பொடியன்கள் தகரம் தட்டுவார்கள். கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக் கூட்டி வரும்போது எல்லாக் காம்பரா வாசலிலும் ஆள் நிற்கும். ஒருநாள் அப்பா நடுவழியில் நின்று கத்தினார்.

"நான் என்னா அத்துக்கிட்டு ஓடுன மாடா? ஆளாளுக்குக் கயிறோட வாறீங்க?"

அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு, தேடுகிற சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்ளத் தொடங்கினார். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போய்விடுவார். பள்ளமும் ஓடையும் அட்டையும் நிறைந்த மலை அது. ஒருநாள் இவரை உயிரோடு கொண்டுவர மாட்டார்கள் என்ற பயத்தில் கடையில் எனக்கு வேலை ஓடாது. கடைசியில் பஜாரில் ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்தேன். மதினி என் கையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

நான் எங்கள் வாசல் கதவைப் பார்த்தேன்.

"குடு. என் கோழிக்கூட்டுக்குப் பூட்டு இல்லாம இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கோழிக்கூட்டுக்குக் கதவே கிடையாது, ஒரு பலகைதான்.

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் கொழும்பில் புறக்கோட்டை நடைபாதையில் பேரம் பேசி மதினிக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்திருந்தார். சதுர மூஞ்சி, கறுப்புப் பட்டி. நடந்த எட்டை எண்ணும், நாடி பார்க்கும் என்று அண்ணன் விளக்கினார். "நடக்குறது நான், எண்ணுறது இதுவா?" என்று மதினி சிரித்தார். ஆனால் அதில் போன் படம் போட்ட ஒரு இடம் இருந்தது. அதை அமுக்கினால் போன் வீட்டில் எங்கே கிடந்தாலும் பெரிய சத்தம் போட்டது. அது மட்டும் அவருக்குப் பிடித்துக்கொண்டது. அரிசிப் பானைக்குள், தலையணைக்கு அடியில் என்று போனை ஒளித்து வைத்து ஒளித்து வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நான் நினைத்தேன்.

பூட்டு போன மறுநாள் காலை, அப்பா புறப்படுகிற நேரம் பார்த்து மதினி வாசலுக்கு வந்தார்.

"மாமா, குனிஞ்சு நிமிரையில இந்தச் சனியன் விழுந்திருது. ஒங்க சட்டப் பையில வச்சிருங்க. பொழுது சாய நான் வாங்கிக்கிறேன்."

"தொலஞ்சா ஒன் புருஷன் ஏசுவானா?"

"ஏசுறதா? கொன்னே போட்டுருவாரு."

அண்ணன் ஈயைக்கூட ஏசாதவர். ஆனால் அப்பாவின் முகம் பொறுப்பாக மாறியது. போனைப் பையில் போட்டு, மேலே ஒரு ஊசியும் குத்திக்கொண்டார். மதினி வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கூடப் போய்ப் பார்த்தேன். அந்த வாட்ச் வெகுதூரத்துக்கு எட்டாது. எங்கள் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் அதுவே பெரிய காரியம். போன் தூரமாக இருந்தால் சங்கிலி அறுந்த மாதிரி ஒரு படம் காட்டும். கிட்ட நெருங்கினால் மணிக்கட்டில் ஒரு உதறல், சங்கிலி சேர்ந்துகொள்ளும். மதினி யாரையும் கூப்பிடாமல், தகரம் தட்டாமல், புல் வெட்டப் போகிறவர்போல மரங்களுக்குள் நடந்தார். உதறியது. அமுக்கினார். தூரத்தில் போன் கூச்சல் போட்டது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு நடுவிலிருந்து அப்பா தானாகவே வெளியே வந்தார், போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

"புள்ள, ஒன் போனு கத்துது!"

"ஐயோ மாமா, இதத்தானே காலயிலருந்து தேடிக்கிட்டுத் திரியிறேன்!"

"நீதானே என்கிட்ட குடுத்த? அதுவும் மறந்துருச்சா?"

"ஆமா மாமா. என் மண்ட ஓட்ட."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா முன்னால் நடந்தார். பொருளைக் கவனமாக வைத்துக்கொள்வது எப்படி என்று மதினிக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். மதினி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். லயத்து வாசலில் நின்ற சனம், "என்னா மதினி, இன்னைக்கும் தொலச்சிட்டீங்களா?" என்று சிரித்தது. அப்பாவை யாரும் பார்க்கவில்லை. நான் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வாங்கி வைத்த போனை அப்பா ஒருநாளும் மறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை. என் பேரை அவ்வப்போது மறந்தார். அடுத்தவள் பொருளை மறக்கவில்லை.

இதில் மதினிக்கு நட்டம் இல்லையா என்றால், இருந்தது. அண்ணன் மத்தியானம் கடையில் கூட்டம் குறைகிற நேரம்தான் பேசுவார். முதல்முறை அவர் கோல் எடுத்தபோது அப்பா போனைக் காதில் வைத்து, "வெட்டு முடியல. பால் எடுத்துட்டுப் பேசுறேன், வைங்க" என்று சொல்லியிருக்கிறார். பொஞ்சாதி போனில் ஆம்பளைக் குரல் கேட்டால் எந்தப் புருஷனுக்கு இருப்புக் கொள்ளும்? அண்ணன் பதறிப்போய் எனக்குக் கோல் எடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாளும் அவர் அதே நேரத்துக்கு எடுத்தார். அப்பாவிடம், "சித்தப்பா, இன்னைக்குப் பால் எப்படி?" என்று கேட்டார். "நல்ல பாலு தம்பி" என்றார் அப்பா. இப்படி இரண்டு பேரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். புருஷனோடு பகலில் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரம் மதினிக்கு இல்லாமல் போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடப் பிறந்தவள்கூட எனக்கு இதைச் செய்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

பிறகு அந்த மழை வந்தது. நாலைந்து நாளாக விடாமல் பெய்து, எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண் மேட்டில் வெடிப்பு கண்டது. கிராம சேவகர் வந்து எல்லாரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொன்னார். செய்தி கேட்டு நான் கடையிலிருந்து ஓடிவந்தபோது சனம் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவைக் காணவில்லை. மழை தொடங்கியதிலிருந்து வீட்டிலேயே கிடந்தவர், அன்று காலையில் போய் இன்னும் வரவில்லை. ஆம்பளைகள் அவருடைய மரங்கள்வரை போய்க் கூப்பிட்டுத் தேடிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். இனிமேல் யாரையும் மேலே போகவிட மாட்டோம் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார். நான் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மதினி மலையிலிருந்து கடைசியாக இறங்கி வந்தார். தலையிலிருந்து தண்ணீர் ஊற்றியது. அந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தும் வாட்சில் சங்கிலி அறுந்தேதான் இருந்திருக்கிறது. என் பக்கத்தில் வந்து நின்றவர் திடீரென்று தன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ச்சே, நாம என்னா மடச்சிங்க! மழ நாளையில எந்த வெட்டுக்காரன் மரத்துக்குப் போவான்?"

மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, பால் வீணாகிவிடும். எங்கள் தோட்டத்தில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அப்பா காலத்தில் மழை நாளில் வெட்டுக்காரர்களை, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுகிற வீட்டுக்கு விறகு பிளக்க அனுப்புவார்கள். அது எப்போதோ மூடிக் கிடக்கிறது. வெயில் நாளில் அவரை மரத்தடியில் கண்டு கண்டு பழகிய எங்கள் எல்லார் காலும் அன்றும் மரத்துக்கே போயிருந்தது. அப்பாவின் கால் மட்டும் வேலையை மறக்கவில்லை.

புகை வீடு கோயிலுக்கு அந்தப் பக்கம். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் ஓடினோம். கோயிலைத் தாண்டியதும் மதினி சட்டென்று நின்றார். மணிக்கட்டு உதறியிருக்கிறது. அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. புகை வீட்டுத் தகரக் கூரையில் மழை அப்படி அடித்தது. திரும்பத் திரும்ப அமுக்கினார். நான் "அப்பா!" என்று கத்த வாயெடுத்தேன். மதினி என் வாயைப் பொத்தினார்.

"கூப்புடாத. ஒளிஞ்சிருவாரு."

பிறகு அவர் மூச்சை இழுத்து, மழையைவிடப் பெரிதாகக் கத்தினார்.

"ஐயோ, என் போன காணோமே!"

எத்தனையோ தடவை கேட்ட கத்தல்தான். அன்று அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "இங்க இருக்கு புள்ள!"

அப்பா பழைய விறகுக் கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். போனை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, நெஞ்சோடு சேர்த்து, மேலே இரண்டு கையையும் வைத்திருந்தார். காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"வெளிய வந்தா நனஞ்சிரும். பெறகு ஒன் புருஷன்கிட்ட யாரு ஏச்சு வாங்குறது? அதான் எங்கயும் போகல."

மதினி தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். அப்பா பதறிப்போனார். "அழாத புள்ள, போனுக்கு ஒண்ணும் ஆகல, பாரு" என்று பையைப் பிரித்துக் காட்டினார்.

மறுநாள் பார்த்தபோது, அவருடைய மரங்களுக்குப் போகிற பாதை நெடுக மண் இறங்கிக் கிடந்தது. கையில் பொறுப்பு எதுவும் இல்லாவிட்டால் அப்பா ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். அதற்கு மேல் நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆளு கெடச்சாரா?" என்று யாரோ கேட்டு முடிப்பதற்குள், "கெடச்சிருச்சுங்க. மாமாதான் பத்திரமா வச்சிருந்தாரு" என்றார் மதினி, போனைத் தூக்கிக் காட்டி. இந்த மழையிலும் போனைத் தொலைத்தாயா என்று ஒரு கிழவி அவரை ஏசினார். மதினி ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் அவரைத் தனியே இழுத்துப்போய், "மதினி, ஒங்களுக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"சும்மா இரு புள்ள. அவரு இல்லாட்டி என் போனு எப்பயோ போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வாங்கப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட விடாதவர். இன்றுவரை நான் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் எம்பிலிப்பிட்டியவில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டு மதினியைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் அப்பாவின் கால்கள் ஓய்ந்து, வாசலுக்கு வருவதே பெரும்பாடாகிவிட்டது. கடைசி மாதங்களில் என்னை அவருக்கு யாரென்றே தெரியவில்லை. கஞ்சி ஊட்டுவதால் ஆஸ்பத்திரி மிஸ் என்று நினைத்துக்கொண்டார். நான் உங்கள் மகள் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போகும். மதினியாக இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்துவிட்டு, நானும் மிஸ்ஸாகவே இருந்துவிட்டேன்.

ஒருநாள் கஞ்சியைக் குடித்து முடித்தவர் என் கையைப் பிடித்தார்.

"மிஸ், அந்தப் புள்ளக்கி போனு கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுங்க ஐயா."

"யாரு தேடிக் குடுத்தா?"

"நீங்கதான்."

அப்பா நெஞ்சில், சட்டைப் பை இருக்கிற இடத்தைத் தடவிக்கொண்டார்.

"நல்ல புள்ள. மறதிதான் கூட. யாரும் அவள ஏசிறாதீங்க" என்றார்.

"ஏச மாட்டோம் ஐயா" என்றேன்.